நினைவகம் குறைந்த பழைய கணினிகளில் வலையமைப்பு வழியாக டெபியன் லினக்ஸ் நிறுவுவது எப்படி?

எங்கள் பகுதியில் மாணவர்கள் மாலையில் கூடிப் படிக்கும் ஓர் அறைக்கு, ஓர் அலுவலகத்திலிருந்து ஆறு பழைய கணினிகள் வந்து சேர்ந்தன. ஆறும் பென்டியம் 4 காலத்தவை. இரண்டில் 256 எம்பி நினைவகமும், மற்ற நான்கில் 512 எம்பி நினைவகமும் இருந்தன. குறுந்தகட்டு இயக்கி எதுவும் ஒழுங்காகப் படிக்கவில்லை; பென் டிரைவிலிருந்து துவங்கும் வசதி அவற்றின் பயாஸில் (கணினி துவங்கும்போது முதலில் ஓடும் உள்ளமை நிரலில்) இல்லை. எஞ்சியிருந்த ஒரே வழி லேன் கேபிள். முதல் கணினியை முடிக்க எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. கடைசிக் கணினி ஐம்பது நிமிடங்களில் முடிந்தது. அந்த மூன்று மாலைகள் உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டச்சிடும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இட வேண்டும்; நெட்வொர்க்மேனேஜர் (NetworkManager) என்ற பெயரில் மட்டும் N, M இரண்டும் பெரிய எழுத்துகள். சின்ன எழுத்து, பெரிய எழுத்து மாறினால் கோப்பு கிடைக்காது.

1. கணினியைத் தொடும் முன் ஒரு தாளில் எழுத வேண்டியவை

ஒவ்வொரு கணினிக்கும் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். அதில் செயலியின் பெயர், நினைவகத்தின் அளவும் வகையும், வன்தட்டின் அளவு, லேன் அட்டையின் தயாரிப்பு, அதன் மேக் முகவரி (ஒவ்வொரு லேன் அட்டைக்கும் உரிய தனி அடையாள எண்), பயாஸுக்குள் நுழையும் விசை ஆகியவை இருக்கட்டும். மேக் முகவரி, வலையமைப்புத் துவக்கத் திரையிலேயே பன்னிரண்டு எழுத்துகளாகத் தெரியும். ஆறு கணினிகளும் ஒரே மாதிரி தோன்றினாலும் உள்ளே ஒரே மாதிரி இருப்பதில்லை. எங்களுடையவற்றில் இரண்டு வகை நினைவக அட்டைகளும் மூன்று வகை லேன் அட்டைகளும் இருந்தன.

கணினிகள் நன்கொடையாக வந்திருந்தால், கொடுத்தவரிடமிருந்து இரண்டு வரியிலாவது ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வரிசை எண்களை அதில் குறிக்கச் சொல்லுங்கள். வன்தட்டில் உள்ளவற்றை அழித்துவிடுவதற்கான ஒப்புதலும் அதே கடிதத்தில் இருப்பது நல்லது. நிறுவல் தொடங்கியபின் பழைய கோப்புகளைக் கேட்டு யாரேனும் வந்தால், மீட்டுத்தர உங்களால் இயலாது.

2. எந்தப் பதிப்பு என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

இந்த இடத்தில் தவறினால் மற்ற எல்லாப் படிகளும் வீணாகும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி (நிறுவும் நிரல்) இல்லை. எனவே 64 பிட் ஆதரவு இல்லாத செயலிக்கு, 2023 ஜூனில் வந்த டெபியன் 12, அதாவது புக்வோர்ம் பதிப்பின் ஐ386 நிறுவியை எடுக்க வேண்டும். பெயர் ஐ386 என்றிருந்தாலும் அதற்கு 686 வகைச் செயலி தேவை. ஏஎம்டி ஜியோட் போன்ற சில சிறு செயலிகளில் டெபியன் 12 ஓடாது.

உபுண்டுவின் அண்மைப் பதிப்புகளை வலையமைப்பு வழியாக நிறுவ முயன்று நேரத்தை இழக்காதீர்கள். அதில் 32 பிட் நிறுவி இல்லை என்பது ஒரு காரணம். 64 பிட் கணினியாக இருந்தாலும், அதன் வலையமைப்பு நிறுவி முழு ஐஎஸ்ஓ கோப்பையும் (நிறுவல் தட்டின் முழு நகலையும்) நினைவகத்துக்குள் இறக்கிய பிறகே தொடங்குகிறது. சில ஜிபி நினைவகம் இல்லாத கணினிக்கு அது உதவாது.

கணினி 64 பிட் ஆதரவு உள்ளதாகவும் ஒரு ஜிபிக்கு மேல் நினைவகம் உள்ளதாகவும் இருந்தால் டெபியன் 13ஐயே எடுங்கள். கீழே உள்ள படிகள் பெரும்பாலும் அதற்கும் பொருந்தும். அடைவின் பெயர் மட்டும் மாறும்.

3. நினைவகத்தைக் கூட்ட முடியுமா என்று பாருங்கள்

வலையமைப்பு நிறுவல் சிறிய கணினிக்கு எளிது என்று நான் நினைத்திருந்தேன். உண்மை அதற்கு நேர்மாறானது. குறுந்தகட்டிலிருந்து நிறுவும்போது நிறுவியின் பகுதிகள் தட்டிலேயே இருக்கும். வலையமைப்பில் நிறுவும்போது கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), தொடக்கக் கோப்பமைப்பு, பிறகு இறக்கப்படும் நிறுவிப் பகுதிகள் ஆகிய அனைத்தும் நினைவகத்திலேயே தங்குகின்றன. ஆகவே கேபிளும் வழங்கியும் (கோப்புகளைத் தரும் கணினியும்) சரியாக இருந்தும் நிறுவல் பாதியில் நின்றால், முதலில் நினைவகத்தைச் சந்தேகியுங்கள்.

512 எம்பி இருந்த நான்கு கணினிகளிலும் எனக்குச் சிக்கல் வரவில்லை. 256 எம்பி இருந்த இரண்டில் ஒன்று, 7ஆம் பகுதியில் சொல்லும் குறைநினைவக முறையில் தட்டுத்தடுமாறி முடிந்தது. மற்றொன்று பாதியில் உறைந்தது. 128 எம்பி உள்ள கணினியில் இந்த வழியை முயலவே வேண்டாம். அதன் வன்தட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் பொருத்தி நிறுவி, மீண்டும் இங்கே மாட்டுவதே அதற்கான வழி.

செலவில்லாமல் சிறிது நினைவகம் மீட்க ஓர் இடம் உண்டு. தாய்ப்பலகையிலேயே காட்சி வசதி உள்ள கணினிகள், திரைக்கென்று நினைவகத்தில் 32 அல்லது 64 எம்பியைப் பிடித்து வைத்திருக்கும். பயாஸில் அந்த அளவை 8 எம்பியாகக் குறையுங்கள். 256 எம்பி கணினியில் இந்த ஒரு மாற்றத்தின் பயன் கண்ணுக்குத் தெரியும்.

நினைவக அட்டை வாங்குவதாக இருந்தால், பழைய அட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். எஸ்டிரேம், டிடிஆர், டிடிஆர் 2 ஆகியவற்றின் வெட்டு வெவ்வேறு இடங்களில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பழைய பொருள் விற்கும் கடையில் 512 எம்பி டிடிஆர் அட்டை ஒன்றை 250 ரூபாய்க்கு வாங்கினேன். மாற்றித்தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள். நான் வாங்கிய இரண்டில் ஒன்று பழுதாக இருந்தது.

4. வேண்டிய பொருள்களும் செலவும்

லினக்ஸ் ஓடும் மடிக்கணினி ஒன்று வேண்டும். அதில் லேன் துளையும் வைஃபையும் இருக்க வேண்டும். வைஃபை வழியாக இணையம் வரும், லேன் வழியாக அது பழைய கணினிக்குப் போகும். பழைய கணினியில் வைஃபை அட்டை இருந்தாலும் அதன் வழியாக இந்தத் துவக்கம் நடக்காது.

ஒரே கணினி என்றால் மடிக்கணினியிலிருந்து நேராக ஒரு கேபிள் போதும். பல கணினிகள் என்றால் சாதாரண எட்டுத் துளை ஸ்விட்ச் ஒன்று தேவை. எனக்கு ஸ்விட்சுக்கு 750 ரூபாயும், கேபிள்களுக்கு 400 ரூபாயும், ஆறு சிஆர்2032 பேட்டரிகளுக்கு 240 ரூபாயும் ஆயின.

பேட்டரியை அலட்சியப்படுத்தாதீர்கள். பழைய கணினியில் அது இறந்திருந்தால், மின்சாரம் நிற்கும்போதெல்லாம் கடிகாரம் இருபது ஆண்டுகள் பின்னே போய்விடும். அப்போது மென்பொருள் தொகுப்புகளின் பட்டியல் இன்னும் செல்லுபடியாகும் நாளை எட்டவில்லை என்று சொல்லி நிறுவி அதை மறுக்கும். முதல் மாலை முழுவதும் நான் இணைய இணைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பிழை தேதியில் இருந்தது. பேட்டரியை மாற்றி, பயாஸில் நாளையும் நேரத்தையும் சரிசெய்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

5. மடிக்கணினியை வழங்கியாக்குதல்

இதற்குப் பல வழிகள் உள்ளன. லினக்ஸில் வலையமைப்பு இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் பகிர்வு வசதியைப் பயன்படுத்துவதே எனக்கு மிகக் குறைந்த உழைப்பில் பலன் தந்தது.

முதலில், பிற கணினிகளுக்கு முகவரியும் துவக்கக் கோப்பும் தரும் டிஎன்எஸ்மாஸ்க்-பேஸ் என்ற தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நிறுவுங்கள். டிஎன்எஸ்மாஸ்க் என்ற முழுத் தொகுப்பை நிறுவ வேண்டாம். அது தனிச் சேவையாகத் தானே ஓடத் தொடங்கி, பகிர்வு வசதிக்கு வேண்டிய துறைகளை (போர்ட்) பிடித்துக்கொள்ளும். இரண்டும் மோதிக்கொண்டு பகிர்வு துவங்காது. ஏற்கெனவே நிறுவியிருந்தால் அந்தச் சேவையை நிறுத்துங்கள்.

அடுத்து, வேர்ப் பயனராக (ரூட், முழு உரிமை உள்ள பயனர்) எஸ்ஆர்வி என்ற அடைவுக்குள் டிஎஃப்டிபி என்ற துணை அடைவை உருவாக்குங்கள். டெபியன் தளத்தில், புக்வோர்ம் பதிப்பின் மெயின் அடைவுக்குள், இன்ஸ்டாலர்-ஐ386, கரண்ட், இமேஜஸ், நெட்பூட் என்ற வரிசையில் சென்றால் நெட்பூட்.டார்.ஜிஇஜட் என்ற கோப்பு கிடைக்கும். அதற்குள்ளேயே ஜிடிகே என்று ஓர் அடைவும் இருக்கும். அதில் உள்ளது வரைகலை நிறுவி, அது நினைவகத்தை அதிகம் தின்னும், உங்களுக்கு வேண்டாம். இறக்கிய கோப்பை டார் கட்டளையால் நேராக அந்த டிஎஃப்டிபி அடைவுக்குள் விரியுங்கள். வேறு கணினியில் விரித்துப் பென் டிரைவில் நகலெடுத்துக் கொண்டுவந்தால், உள்ளே இருக்கும் குறியீட்டு இணைப்புகள் அழிந்துபோகும், பிஎக்ஸ்இலினக்ஸ்.0 என்ற முக்கியக் கோப்பே அப்படி ஓர் இணைப்புதான். எல்லாக் கோப்புகளையும் அனைவரும் படிக்கும்படி அனுமதி கொடுங்கள்.

பிறகு இடிசி அடைவில், நெட்வொர்க்மேனேஜர் அடைவுக்குள், டிஎன்எஸ்மாஸ்க்-ஷேர்டு.டி என்ற துணை அடைவில் ஒரு புதிய கோப்பை உருவாக்கி மூன்று வரிகளை எழுதுங்கள். முதல் வரி: எனேபிள்-டிஎஃப்டிபி. இரண்டாம் வரி: டிஎஃப்டிபி-ரூட்=/எஸ்ஆர்வி/டிஎஃப்டிபி. மூன்றாம் வரி: டிஹெச்சிபி-பூட்=பிஎக்ஸ்இலினக்ஸ்.0. கோப்பின் பெயர் .கான்ஃப் என்று முடியட்டும்.

இனி மடிக்கணினியின் லேன் இணைப்பு அமைப்பைத் திறந்து, ஐபிவி4 பகுதியில் 'பிற கணினிகளுடன் பகிர்தல்' என்ற முறையைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். இணைப்பை ஒருமுறை துண்டித்து மீண்டும் இணையுங்கள். வழக்கமாக லேன் பக்கத்துக்கு 10.42.0.1 என்ற முகவரி வரும். வந்திருந்தால் வழங்கி தயார். தீச்சுவர் ஓடிக்கொண்டிருந்தால் யுடிபி 67, 69 ஆகிய துறைகளைத் திறந்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்த ஸ்விட்சை உங்கள் அலுவலகத்தின் அல்லது பள்ளியின் வலையமைப்போடு ஒருபோதும் இணைக்காதீர்கள். உங்கள் மடிக்கணினி அங்குள்ள எல்லாக் கணினிகளுக்கும் முகவரி கொடுக்கத் தொடங்கி, அவர்களின் இணையத்தைக் கெடுத்துவிடும். பழைய கணினிகளும் மடிக்கணினியும் மட்டும் அந்த ஸ்விட்சில் இருக்கட்டும்.

6. பழைய கணினியை வலையமைப்பிலிருந்து துவக்குதல்

பயாஸில் லேன் பூட் ரோம் என்பது போன்ற ஒரு தேர்வு இருக்கும். அதை இயக்கி, சேமித்து, மறுபடி துவக்கிய பிறகே துவக்க வரிசையில் வலையமைப்பு என்ற பெயர் தோன்றும். நான் அதை அறியாமல், வரிசையில் பெயர் இல்லையே என்று ஒரு கணினியை ஒதுக்கி வைத்திருந்தேன். பல கணினிகளில் எஃப்12 விசை நேராக வலையமைப்புத் துவக்கத்துக்குப் போகும்.

லேன் அட்டையில் துவக்க வசதியே இல்லையென்றால், ஐபிஎக்ஸ்இ என்ற சிறு நிரலை நெகிழ்வட்டிலோ குறுந்தகட்டிலோ எழுதி அதிலிருந்து துவக்கலாம். மீதியை அது வலையமைப்பில் பார்த்துக்கொள்ளும். கணினியில் ஏற்கெனவே ஏதேனும் ஒரு லினக்ஸ் இருந்தால் இன்னும் எளிது: நிறுவியின் கர்னலையும் தொடக்கக் கோப்பையும் அதன் பூட் அடைவில் வைத்து, கிரப் என்ற துவக்க நிரல் வழியாகவே துவக்கிவிடலாம்.

திரையில் பிழை வந்தால் அதன் எண்ணைப் படியுங்கள். அது பெரும்பாலும் சரியான இடத்தைக் காட்டும். இ61 என்றால் கேபிள் இணைப்பு இல்லை. இ51 என்றால் முகவரி கொடுக்க யாரும் முன்வரவில்லை. பகிர்வு ஓடவில்லை, அல்லது தீச்சுவர் தடுக்கிறது. இ53 என்றால் முகவரி வந்தது, கோப்பின் பெயர் வரவில்லை. 5ஆம் பகுதியில் எழுதிய கோப்பின் மூன்றாம் வரியைப் பாருங்கள். இ32 என்றால் கோப்பைக் கேட்டும் பதில் இல்லை; துறை 69ஐப் பாருங்கள். டி01 என்றால் கோப்பு அந்த இடத்தில் இல்லை. மடிக்கணினியில் நெட்வொர்க்மேனேஜரின் பதிவேட்டை ஜர்னல்சிடிஎல் கட்டளையால் திறந்து வைத்துக்கொண்டால், எந்தக் கோப்பு போனது, எது போகவில்லை என்பது வரிவரியாகத் தெரியும். எனக்கு இரண்டாம் மாலையில் கைகொடுத்தது அதுதான்.

நிர்வாக வசதி கொண்ட பெரிய ஸ்விட்சுகள், கேபிள் செருகியதும் அரை நிமிடம் வரை தரவை அனுப்பாமல் காத்திருக்கும். அதற்குள் பழைய கணினி சலித்து இ51 என்று சொல்லிவிடும். மலிவான ஸ்விட்சில் இந்தத் தொல்லை இல்லை.

7. நிறுவி திறந்ததும்

பட்டியல் திரையில் இன்ஸ்டால் என்ற வரியில் நின்று, டேப் விசையை அழுத்துங்கள். கீழே ஒரு நீண்ட வரி தோன்றும். அதில் உள்ள மூன்று கோடுகளுக்கு முன்னால் லோமெம்=1 என்று சேருங்கள்; மிகக் குறைந்த நினைவகத்துக்கு லோமெம்=2. கோடுகளுக்குப் பின்னால் எழுதினால், அது நிறுவல் முடிந்த கணினியின் துவக்க வரியிலும் ஒட்டிக்கொள்ளும். திரை கலங்கினால் விஜிஏ=நார்மல், எஃப்பி=ஃபால்ஸ் என்பவற்றையும் அதே இடத்தில் சேருங்கள்.

குறைநினைவக முறையில் நிறுவி ஆங்கிலத்தில் மட்டுமே பேசும். தமிழ் இடைமுகத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கூடுதல் பகுதிகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு பட்டியல் வரும்போது, உங்களுக்குக் கட்டாயம் வேண்டியதைத் தவிர வேறெதையும் குறிக்காதீர்கள். குறித்த ஒவ்வொன்றும் நினைவகத்தில் வந்து உட்காரும்.

கர்னல் மாட்யூல்கள் கிடைக்கவில்லை என்று நிறுவி சொன்னால், நீங்கள் இறக்கிய நெட்பூட் கோப்பு பழசாகிவிட்டது என்று பொருள். டெபியன் திருத்தப் பதிப்பு வெளியிடும்போது தளத்தில் கர்னல் மாறிவிடும். உங்கள் கையில் இருக்கும் பழைய நிறுவி அதோடு பொருந்தாது. புதிதாக இறக்கி, பழையதை அழித்துவிட்டு விரியுங்கள். சில மாதம் முன்பு இறக்கிய கோப்பை வைத்துத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

லேன் அட்டைக்கு ஃபர்ம்வேர் (அட்டைக்குள் ஏற்ற வேண்டிய சிறு நிரல்) வேண்டும் என்று கேட்டால், அதைத் தொடக்கக் கோப்பின் வாலில் ஒட்டித் தர முடியும். ஆனால் அதுவும் நினைவகத்தைத் தின்னும். 256 எம்பி கணினியில், ஃபர்ம்வேர் கேட்காத பழைய ரியல்டெக் 8139 அட்டை ஒன்றைச் செருகுவதே மேல். பழைய பொருள் கடையில் எனக்கு 80 ரூபாய்க்குக் கிடைத்தது.

8. வன்தட்டைப் பிரிக்கும்போது ஸ்வாப்

வன்தட்டைப் பிரித்து எழுதியவுடன் நிறுவி ஸ்வாப் பிரிவை (நினைவகம் போதாதபோது பயன்படும் வன்தட்டு இடத்தை) இயக்கிக்கொள்ளும். அதுவரை மூச்சுத்திணறிய கணினி அங்கிருந்து நிம்மதியாக ஓடும். எனவே ஒரு ஜிபி ஸ்வாப் பிரிவு கட்டாயம் வேண்டும். இந்தப் படி வரை வந்துசேர்வதே உண்மையான சோதனை. வட்டு மறையாக்கத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதற்கு நினைவகம் போதாது. பழைய பயாஸ் பெரிய வன்தட்டை முழுதாகப் பார்க்காமல் போகலாம் என்பதால், பூட் பிரிவைத் தட்டின் தொடக்கத்தில் தனியாக வையுங்கள்.

இடையில் உறைந்ததுபோல் தோன்றினால் அணைக்காதீர்கள். ஆல்ட், எஃப்4 விசைகளை அழுத்தினால் பதிவேடு ஓடுவது தெரியும், ஓடிக்கொண்டிருந்தால் காத்திருங்கள். எங்கள் 256 எம்பி கணினியில் அடிப்படை அமைப்பு மட்டுமே நாற்பது நிமிடம் எடுத்தது.

9. மென்பொருள் தேர்வுத் திரை

இந்தத் திரையில் டெபியன் மேசைச்சூழலும் (சாளரங்கள் கொண்ட வரைகலைத் திரை) அதன் ஒரு வகையான க்னோமும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். என்டர் விசையை அழுத்திவிட்டால் பெரும் தொகை தரவு இறங்கி, முடிவில் திறக்கவே திறக்காத ஒரு கணினி கிடைக்கும். இரண்டின் குறியையும் ஸ்பேஸ் விசையால் நீக்குங்கள்; வழக்கமான கணினிப் பயன்பாடுகள் என்பதை மட்டும் குறித்தபடியே விடுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகள் இருந்தால், மடிக்கணினியில் ஆப்ட்-கேஷர்-என்ஜி என்ற தொகுப்பை முன்பே போட்டுவைத்து, நிறுவி பிராக்சி (இடைவழங்கி) கேட்கும் இடத்தில் எச்டிடிபி முன்னொட்டோடு 10.42.0.1:3142 என்ற முகவரியைக் கொடுங்கள். முதல் கணினிக்கு இறங்கிய தொகுப்புகள் மடிக்கணினியிலேயே தங்கி, மற்றவற்றுக்கு அங்கிருந்தே போகும். கைபேசித் தரவை நம்பி வேலைசெய்பவர்களுக்கு இது பெரிய மிச்சம்.

10. முதல் துவக்கத்துக்குப் பிறகு

கேபிளைக் கழற்றிவிட்டு மறுதுவக்கம் செய்யுங்கள். பயாஸில் வன்தட்டை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். வலையமைப்பு முதலிடத்திலேயே இருந்தால், மறுநாள் யாரோ ஒரு மாணவர் கணினியைப் போட்டதும் நிறுவித் திரை வரும். அவர் என்டர் விசைகளை அழுத்திக்கொண்டே போனால் எல்லாம் அழியும்.

பிறகு கேபிளை மீண்டும் செருகி, 512 எம்பி கணினிகளில் இலேசான வரைகலைத் திரைக்கான எக்ஸ்ஓஆர்ஜி, எல்எக்ஸ்டிஇ-கோர், லைட்டிஎம் ஆகியவற்றை, பரிந்துரைத் தொகுப்புகள் வேண்டாம் என்ற தெரிவோடு நிறுவினேன். 256 எம்பி கணினிக்கு ஐஸ்டபிள்யூஎம் என்ற சிறு சாளர மேலாளர் போதும். இசட்ரேம்-டூல்ஸ் தொகுப்பு நினைவகத்தின் ஒரு பகுதியைச் சுருக்கிப் பயன்படுத்தச் செய்யும். எல்லாக் கணினிகளிலும் அதைப் போட்டேன். தமிழுக்கு லோகித் தமிழ் எழுத்துருவும், ஐபஸோடு எம்17என் தொகுப்பும் போதும். தமிழ்99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது.

உலாவியில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பென்டியம் 3, ஏத்லான் எக்ஸ்பி போன்ற செயலிகளில் எஸ்எஸ்இ2 கட்டளைகள் இல்லை. அவற்றில் ஃபயர்பாக்ஸ் ஓடாது. பென்டியம் 4இல் ஓடும் என்றாலும், 512 எம்பியில் ஒரு பக்கத்துக்கு மேல் திறந்தால் கணினி திணறும். எங்கள் அறையில் இந்தக் கணினிகளைத் தட்டச்சுப் பழகவும், சேமித்து வைத்த பாடப்புத்தகங்களைப் படிக்கவும் மட்டுமே பயன்படுத்துகிறோம். இணையத்தில் தேடுவதற்கு, வழங்கியாக இருந்த அந்த மடிக்கணினியை அறையிலேயே விட்டுவிட்டேன்.